காடாகிப் போன மலையும் கம்பனிக் கணக்கும்



நமது மலைகளில் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் முதுகில் பையோடு நடந்து போகிறார்கள். 'பீக்கோ டிரெயில்' என்று அந்தப் பாதைக்குப் பெயர். கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹற்றன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைக்காக வெட்டிய பழைய பாதைகள் அதில் நிறைய உண்டு. நடக்க வருகிறவர்கள் நல்ல சப்பாத்தும், முழங்கால் வரை அட்டைக் காலுறையும் போட்டு வருகிறார்கள். வரட்டும். நம் பிள்ளைகள் நாலு பேருக்கு வழிகாட்டி வேலை கிடைத்தால் நமக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அந்தப் பாதையிலிருந்து பத்தடி கீழே இறங்கினால், நம் பெண்கள் இடுப்பளவு புல்லுக்குள் நின்று கொழுந்து எடுக்கிறார்கள். காலில் ரப்பர் செருப்பு. அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும். இன்றைக்கு அந்தப் புல்லைப் பற்றித்தான் பேச வேண்டும். சம்பளத்தைப் பற்றிப் பேசக்கூடாதா என்று கேட்பீர்கள். இதுவும் சம்பளம்தான்.

கம்பனிக்காரர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. தேயிலை விலை கொழும்பு ஏலத்தில் தீர்மானமாகிறது, அது அவர்கள் கையில் இல்லை. கையில் இருப்பதைக் குறைக்கிறார்கள். புல்லுவெட்டுக்கு ஆள் போடுவதைக் குறைக்கிறார்கள், கானு வெட்டுவதைக் குறைக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் அது மிச்சம். மலையில் என்ன நடக்கிறது? செடிக்குப் போட்ட உரத்தைப் புல் தின்கிறது. கொழுந்து குறைகிறது. நிரைக்குள் காலை வைத்தால் பள்ளமா கல்லா என்று தெரியாததால் கையும் மெதுவாகிறது. மாலையில் தராசடியில் மட்டும் 18 கிலோ, 20 கிலோ என்ற கணக்கு மாறுவதில்லை. குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சில் 1000 ரூபாய் வர்த்தமானியில் வந்த பிறகு பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்களே, அப்போது மலையைத் துப்புரவாக்கித் தருகிறோம் என்று யார் சொன்னார்கள்?

அரசாங்கத்தின் கதையும் இதுதான். 2015இல் கிளைபோசேட் புல்மருந்தைத் தடை செய்தார்கள். ரஜரட்டை விவசாயிகளின் சிறுநீரக நோயைக் காரணம் சொன்னார்கள். அந்த மருந்துக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. தாங்கியை முதுகில் சுமந்து அதை அடித்தவர்கள் நம் ஆட்கள்தானே. ஆனால் மருந்தை நிறுத்தினால் புல்லை யார் வெட்டுவது, அதற்கு எத்தனை பேர் போடுவது என்று மலையில் நிற்பவர்களிடம் எவரும் கேட்கவில்லை. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மறுபடி அனுமதி கொடுத்தார்கள். 2021இல் இரசாயன உரத்தையே நிறுத்தினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் தடையை எடுத்துவிட்டார்கள், ஆனால் உர விலை ஏறிவிட்டது, செடி இளைத்துவிட்டது. நாட்டின் தேயிலை 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோ, 2022இல் 25 கோடி கிலோ. அந்த ஐந்து கோடியில் ஒவ்வொரு கிலோவும் ஏதோ ஒரு பெண்ணின் கூடையில் குறைந்த கொழுந்துதான்.

குளவிக்கு வருவோம். கூடு மரத்திலும் கற்பாறையிலும் இருக்கிறது. காற்றடித்தாலும் பருந்து மோதினாலும் கலைந்துவிடும். துப்புரவான மலையென்றால் கூட்டை முன்பே பார்க்கலாம், கலைந்தால் ஓடவும் செய்யலாம். கூடைக் கயிறு தலையில், படங்கு இடுப்பில், சுற்றிலும் புதர் என்றால் எங்கே ஓடுவது? வயதானவர்கள்தான் அதிகம் அகப்படுகிறார்கள். பத்திரிகையில் இரண்டு வரி செய்தி வருகிறது, மறுநாள் அதே மலைக்குப் பெரட்டில் ஆள் பிரிக்கிறார்கள்.

தலைவர் என்றால் ஒபிசுக்குப் போய் துரையோடு பேசுகிறவர் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப் போயிருக்கிறது. பேசத்தான் வேண்டும். ஆனால் மலைக்குப் போகாமல் ஒபிசில் என்ன பேசுவது? ஒவ்வொரு கொழுந்துச் சுற்றுக்கும் முதல் நாள் பின்னேரம் தலைவரும் மாதர் தலைவியும் கங்காணியோடு அந்த மலையை ஒரு தடவை நடந்து பாருங்கள். எந்த நிரையில் புல், எந்த மரத்தில் கூடு, எந்தக் கானு மூடியிருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் உண்டு. ஒரு பிரதி ஒபிசுக்கு, ஒரு பிரதி சங்கத்துக்கு. "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. கூடு இருக்கிற மலையில், அதை அகற்றும் வரை வேறு மலையில் பேர் கேளுங்கள். காடாகிக் கிடக்கும் மலையென்றால் கிலோவைக் குறைக்கக் கேளுங்கள். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

இன்னுமொன்று. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. உயிர் போனால் தங்கி வாழும் குடும்பத்தாருக்கும் அதில் உரிமை உண்டு. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இரண்டு நாளில் துண்டு வெட்டி வந்து, அந்தத் துண்டை அடுப்படியில் போட்டுவிடுகிறார்கள். அதைப் பத்திரப்படுத்துங்கள். எந்த மலை, எத்தனை மணி, பக்கத்து நிரையில் நின்றது யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். தோட்ட நிர்வாகத்துக்குத் தாமதிக்காமல் எழுத்தில் அறிவித்து, பிரதியைத் தலைவரிடம் கொடுங்கள்.

கொப்பிகளை மாதர் தலைவிகளிடம் கொடுத்திருக்கிறோம், கூட்டம் முடிந்ததும் பிரிவுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.