வீட்டை விற்றவர் மறைத்த குறைக்கு யார் பொறுப்பு?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கத்தில் கடன் வாங்கி, காதில் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்து, நம்மில் பலர் பழைய வீடு வாங்குகிறோம். குடிபோன பிறகுதான் குறை தெரியுது. விற்றவரிடம் போய்க் கேட்டால், "பார்த்துத்தானே வாங்குனீங்க, பத்திரம் முடிஞ்சு போச்சு, இனி எனக்கென்ன?" என்கிறார். நாமும் தலைவிதி என்று திரும்பி வந்துவிடுகிறோம். அது தலைவிதி இல்லீங்க. இதுக்குச் சட்டம் இருக்கு.

1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டதுதான், இன்றைக்கும் நடப்பில் இருக்கு. அதன் 55-வது பிரிவு சொல்வது இது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், நாம் சாதாரணமாகக் கவனித்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்தால், விற்பவர் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அது மோசடி.

பங்குனி வெயிலில் வீடு பார்க்கிறோம் என்று வைங்க. சுவரில் பெரிய வெடிப்பு தெரியுது. பார்த்தும் பேசாமல் வாங்கிவிட்டு, பிறகு வழக்குப் போட்டால் நிற்காது. கண் இருந்ததே, ஏன் பார்க்கலை என்றுதான் கேட்பாங்க. ஆனால் ஐப்பசி மழைக்கு ஒவ்வொரு வருஷமும் தரையில் தண்ணீர் ஊறுவது தெரிந்தே, சிமெண்ட் பூசி வெள்ளையடித்து மறைத்திருந்தால் விற்றவர் தப்ப முடியாது. அவருக்கு அது தெரியும் என்பதை நாம்தான் நிரூபிக்கணும். பூசின கொத்தனார், பக்கத்து வீட்டுக்காரர், முன்னே குடியிருந்தவர், இவங்கதான் நமக்குச் சாட்சி. வாங்கும் முன்னாலேயே இவங்களிடம் நாலு வார்த்தை விசாரித்திருந்தால் பாதித் தொல்லை இல்லை.

பாத்தியதையில் குறை என்றால் சட்டம் இன்னும் கடுமை. விற்க எனக்கு உரிமை உண்டு என்று விற்பவர் உறுதி கொடுத்ததாகவே அது எடுத்துக்கொள்ளும். பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, "எனக்கே தெரியாது" என்று அவர் நழுவ முடியாது. வீடு நிற்கும் இடம் புறம்போக்காக இருக்கலாம். பூர்வீகச் சொத்தில் அக்கா தங்கச்சி கையெழுத்து இல்லாமல் அண்ணன் மட்டும் விற்றிருக்கலாம். நாளைக்குப் பங்கு கேட்டு வருகிற அந்தத் தங்கச்சி மேல் கோபப்பட நமக்கு நியாயம் இல்லை, அவளும் நம்மைப் போல ஒருத்திதான். கேட்க வேண்டியது விற்றவரை.

வில்லங்கச் சான்று எடுத்தாச்சு, சுத்தமா இருக்கு என்று சிலர் நிம்மதியாக இருப்பாங்க. அதில் வருவது பதிவான பத்திரங்கள்தான். எழுதாமல் விட்ட பங்காளி பாகமும், கோர்ட்டில் நடக்கிற வழக்கும் அதில் தெரியணும்னு இல்லை. அதனால் மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று எல்லாம் கேளுங்க. வீட்டு வரி ரசீதும் கேளுங்க. கிரயத் தேதி வரைக்குமான வரி பாக்கி விற்றவர் கட்ட வேண்டியது.

பத்திரத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீங்க. பின்னால் வில்லங்கம் வந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன் என்ற வரி அதில் இருக்கணும். "உள்ளது உள்ளபடி" என்று புரோக்கர் எழுதச் சொன்னால் ஒத்துக்காதீங்க. முக்கியமாக, கொடுத்தது 5 லட்சம் என்றால் பத்திரத்திலும் 5 லட்சம்தான் இருக்கணும். முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க 2 லட்சம் என்று எழுதிவிட்டால், மீதி 3 லட்சத்தைக் கொடுத்தோம் என்று நிரூபிக்க நாய்படாத பாடு பட வேண்டும். பணத்தை பேங்க் வழியாகவே கொடுங்க.

குறை தெரிந்துவிட்டதா? உடனே போட்டோ எடுங்க. இடித்துச் சரிசெய்வது அப்புறம். என்ன குறை, எப்போது தெரிந்தது, என்ன கேட்கிறோம் என்று விற்றவருக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் போட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்க. மோசடியாக மறைத்த விஷயத்தில், தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக 3 வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகணும். பஞ்சாயத்துப் பேசிப் பேசியே அந்த 3 வருஷத்தைக் கழித்துவிடாதீங்க.

வக்கீல் செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீங்க. 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் விவரம் கேட்கலாம். போகும்போது கிரயப் பத்திரம், பட்டா, போட்டோ, தபால் ரசீது நாலையும் எடுத்துப் போங்க. மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்க.