உமறுப் புலவர் பள்ளி தரும் பாடம்

நம் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பு ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலும் தமிழ்வழியிலேயே கல்வி தந்த பள்ளி ஒன்று அண்டை நாடான சிங்கப்பூரில் இருந்தது. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

கடையநல்லூரிலிருந்து வந்து சிங்கப்பூரில் உழைத்து வாழ்ந்த மக்கள், தம் பிள்ளைகளுக்கென 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினர். சிறிய தொடக்கப் பள்ளியாகப் பிறந்த அது, 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி அது ஒன்றே.

ஆயினும் 1982இல் அப்பள்ளி மூடப்பட்டது. ஏன்? வேலைக்கு ஆங்கிலம் வேண்டுமென்று பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினர். மாணவர் தொகை குறைந்துகொண்டே போயிற்று. பிள்ளையின் பிழைப்பை எண்ணிய அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், பிள்ளைகள் இல்லாமல் பள்ளி ஏது?

நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழி வழியே பயில்கின்றனர். அங்கும் தமிழை ஒரு பாடமாகப் படிக்கலாம். பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். எஸ்.பி.எம். தேர்விலும் தமிழ்ப் பாடம் உண்டு.

ஆகவே பெற்றோர்களே, ஆறாம் ஆண்டோடு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு தமிழ் வகுப்பைக் கேளுங்கள். கேட்பது நம் கடமை.