கறுப்பின் மேல் கறுப்பு



கோவாவில் பிறந்த ஓவியர் எஃப்.என். சூசா, 1966இல் லண்டனில் கறுப்பின் மேல் கறுப்பாகத் தீட்டிய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அவற்றில் கட்டடமும் வானமும் நிறத்தால் பிரிவதில்லை. சாயத்தைத் தடிமனாக அப்பியிருப்பார்; இம்பாஸ்டோ என்பார்கள். அந்த மேடுபள்ளங்களில் வெளிச்சம் பட்டால்தான் உருவம் தெரியும். நின்ற இடத்திலேயே நின்றால் வெறும் இருட்டு. பார்ப்பவர்தான் நகர வேண்டும்.

நெய்வேலி டவுன்ஷிப்பை வரைந்தால் மரங்களும் நேரான சாலைகளும் அழகாகவே வரும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் தெருவை, ஒப்பந்தத் தொழிலாளியின் கையை யார் வரைவது? மந்தாரக்குப்பத்து மாணவர்களே, அதற்கு மெல்லிய பூச்சு போதாது. அப்பி வரையுங்கள். கறுப்பை வெளுக்க வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் தங்கள் இடத்தைவிட்டு நகரட்டும்.