ஏழு டாலரை வாங்க மறுத்தவர்கள்

(கருத்தரங்கம் ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அடிமைகளை லிங்கன் விடுவித்தார் என்று பள்ளியில் படித்தோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்த அடிமைகள் என்ன செய்தார்கள் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

1861 ஏப்ரலில் சம்டர் கோட்டை மீது தென் மாநிலப் படைகள் குண்டு வீசின. போர் தொடங்கியது. அடிமைமுறை உள்ள மாநிலங்களில் அதில் கைவைக்க மாட்டேன் என்று லிங்கன் பதவியேற்பு உரையிலேயே சொல்லியிருந்தார். நாடு பிரியக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய நோக்கம்.

அடுத்த மாதமே வர்ஜீனியாவில் மூன்று அடிமைகள் தப்பி வந்து, வடக்குப் படையின் மன்றோ கோட்டையில் அடைக்கலம் கேட்டார்கள். ஆண்டை திருப்பிக் கேட்டான். தளபதி பட்லர் தர மறுத்தார். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் தோட்டங்களை விட்டுக் கிளம்பினார்கள். என்னைக் கேட்டால், முதல் திருப்புமுனை இதுதான்.

1862 செப்டம்பர் 17, ஆன்டீட்டம். ஒரே நாளில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என இரு தரப்பிலும் சுமார் 23,000 பேர். தெற்கின் தளபதி லீ பின்வாங்கினார். ஐந்தே நாளில் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தை அறிவித்தார். 1863 ஜனவரி 1 முதல் கறுப்பின மக்களுக்குப் படையின் கதவும் திறந்தது.

அந்த ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் லீ தோற்றார். மறுநாளே விக்ஸ்பர்க் சரணடைந்தது. இவற்றைப் பாடநூல்கள் சொல்லும். அதே மாதம் 18ஆம் தேதி, 54ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவின் கறுப்பின வீரர்கள் வாக்னர் கோட்டை மீது பாய்ந்தார்கள். கோட்டை விழவில்லை, பாதிக்கு நெருக்கமான வீரர்கள் விழுந்தார்கள்.

இவர்களுக்கு என்ன சம்பளம் தெரியுமா? வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். கறுப்பு வீரனுக்கு 10. அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். அந்த ஏழு டாலரைத் தொட மாட்டோம் என்றார்கள். வீட்டில் பிள்ளைகள் பசியில் இருக்க, சம்பளமே வாங்காமல் சண்டை போட்டார்கள். 1864இல் நாடாளுமன்றம் சம ஊதியச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. மரணம் மட்டும் சமம், மதிப்பு சமமில்லை என்பதை அவர்கள் ஏற்கவில்லை. இதைத்தான் நாம் சுயமரியாதை என்கிறோம்.

ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் களம் கண்ட போர் அது. 1865 ஏப்ரல் 9 அன்று லீ சரணடைந்தார். டிசம்பரில் 13ஆவது சட்டத்திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1873இல் மகாத்மா ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

ஆனால் 1877இல் தெற்கைக் காத்து நின்ற படை விலக்கிக்கொள்ளப்பட்டது. தோற்ற ஆண்டைகள் சட்டமன்றத்துக்குத் திரும்பினார்கள். வாக்குரிமை பறிபோனது, பள்ளியிலும் ரயிலிலும் தனி இடம் என்றார்கள். களத்தில் இழந்ததைச் சட்டத்தால் மீட்டுக்கொண்டார்கள்.

தோழர்களே, சட்டம் வந்துவிட்டது, இனி எதற்குப் போராட்டம் என்று நம்மிடமும் கேட்கிறார்கள். அவர்களுக்கு 1877ஐச் சொல்லுங்கள்.