கேம் படிப்பா, அது எதுக்கு? – அம்மாக்களுடன் ஒரு பேச்சு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் நிலுவை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்ப பிள்ளைங்க படிப்பு பற்றி ஒரு விஷயம். நம்ம பக்கத்தில் உள்ள சமுதாயக் கல்லூரியில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை உருவாக்கக் கற்றுத்தரும் படிப்பு, அதாவது கேம் புரோகிராமிங், ஒரு வருட டிப்ளமோவாக நடக்கிறது. மொத்தம் 20 இடம். இந்த வருஷம் விண்ணப்பம் போட்ட பெண் பிள்ளைகள் இரண்டே பேர். ஆள் சேரலைன்னா படிப்பையே நிறுத்திடுவோம்னு கல்லூரியில் சொல்றாங்க. "உங்க குழுக்கள் மூலமா பிள்ளைகளைச் சேர்த்துவிட முடியுமா?" என்று நம்மிடம் கேட்டார்கள். சேர்த்துவிடுகிறோம் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. முதலில் அம்மாக்களிடம் பேசுகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்.

சமுதாயக் கல்லூரி நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. அமெரிக்காவில் 1901-லேயே தொடங்கிய ஏற்பாடு இது. நம்ம பக்கத்தில் 1995-ல் புதுச்சேரியிலும், 1996-ல் சென்னையிலும் ஆரம்பித்தார்கள். 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெரிய கல்லூரிக்குப் போக வசதி இல்லாதவர்கள், பாதியில் படிப்பை விட்டவர்கள், கல்யாணம் ஆனவர்கள் கூட ஒரு தொழிலைக் கற்று வேலைக்குப் போகணும் என்பதுதான் நோக்கம். தையல், நர்சிங் உதவியாளர் படிப்புக்கெல்லாம் நம்ம பிள்ளைங்க கூச்சமில்லாமல் போறாங்க. இந்தப் படிப்புக்கு மட்டும் ஏன் போகலை?

வீடு வீடாகப் போய்க் கேட்டோம். பிள்ளைகளுக்கு ஆசை இருக்கு. தடுக்கிறது நாமதான். "ஏற்கெனவே கையிலிருந்து போனைப் பிடுங்க முடியலை, இதுல அதையே படிக்க வைக்கணுமா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. இன்னொருத்தர், "கேம்னா ரம்மிதானே, அதுல எத்தனை குடும்பம் அழிஞ்சுது?" என்றார். இந்தப் பயத்தை நாங்கள் லேசாக நினைக்கவில்லை. ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அதனால்தான் 2022-ல் சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதே 2025 சட்டம், காசு வைக்காத விளையாட்டுகளை ஊக்குவிக்கணும் என்றும் சொல்கிறது. காசு கட்டி ஆடுவது வேறு, ஆட்டத்தையே உருவாக்குவது வேறு. கள்ளுக்கடையில் உட்காருவதையும் பானை செய்யக் கற்றுக்கொள்வதையும் யாராவது ஒன்றாகச் சொல்வோமா?

சரி, உருவாக்குவது என்றால் என்ன? பல்லாங்குழியை எடுத்துக்குவோம். ஒரு பக்கம் 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 காய் போட்டால் 70 காய். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கிட்டே போறோம். கை காலியானதும் அடுத்த குழியில் காய் இருந்தால் அதை அள்ளி ஆட்டத்தைத் தொடர்கிறோம். அது காலியாக இருந்தால் தடவிவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறோம். இது நமக்குக் கைப்பழக்கம். கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே தெரியாது. ஒவ்வொரு விதியையும் அதற்குப் புரிகிற மாதிரி எழுதணும். பதினாலாவது குழிக்குப் பிறகு முதல் குழிக்குத் திரும்பு என்று எழுத மறந்தால், அது பதினைந்தாவது குழியைத் தேடிக்கொண்டு அப்படியே நிற்கும். எங்கே தப்பு என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கணும். நம்ம குழுக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, பாஸ்புக் எல்லாம் புரட்டித் தேடுகிறோமே, அதே வேலைதான். அதை வருஷக்கணக்கா செய்கிற நம்ம கணக்காளர் சகோதரிகளுக்கு மூளை இருக்கிறது என்றால், அவங்க பொண்ணுக்கும் இருக்கும்.

இப்படி விதி எழுதப் பழகுவதற்கு ஸ்கிராட்ச் என்று ஒரு மென்பொருள் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-ல் வெளியிட்டது, இலவசம். கட்டங்களை அடுக்குவது போல அடுக்கினால் போதும். அதற்கு மேல் யூனிட்டி, கோடாட் போன்றவை. கோடாட்டும் இலவசம்தான்.

வேலை பற்றி உள்ளதைச் சொல்லிடுறோம். இந்தப் படிப்பு முடித்த எல்லோரும் கேம் கம்பெனிக்குப் போய்விட மாட்டார்கள். அந்தக் கம்பெனிகள் சென்னை, பெங்களூர், புனே, ஐதராபாத் பக்கம்தான் அதிகம். விடுதியில் தங்க வேண்டி வரும். தொடக்கத்தில் பெரும்பாலும் விளையாட்டைச் சோதித்துப் பார்த்து தப்பு எழுதிக் கொடுக்கிற வேலை, படம் வரைகிற வேலை இப்படித்தான் கிடைக்கும். ஆனால் கற்ற புரோகிராமிங் கேமோடு முடிவதில்லை. மற்ற மென்பொருள் வேலைக்கும் அது உதவும், மேற்கொண்டு படிக்கவும் உதவும். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு மில் வேலையும் கல்யாணமும்தான் முன்னால் இருக்கிறது என்ற நிலையில், மூணாவதாக ஒரு வழி இருப்பது நல்லதுதானே?

கல்லூரிக்காரர்களிடமும் நாங்கள் சில விஷயம் சொன்னோம். பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டினால் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள். நோட்டீஸில் துப்பாக்கி பிடித்த ஆள் படம், அதைப் பார்த்து எந்த அம்மா அனுப்புவாள்? ஊருக்குள் வாங்க, கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வையுங்க, அம்மாவும் பொண்ணும் சேர்ந்து உட்காரட்டும். பாடம் நடத்த ஒரு பெண் ஆசிரியராவது வேணும். கடைசி பஸ் 5.40-க்கு, அதற்கு முன் வகுப்பை முடியுங்க. கழிப்பறையில் தண்ணீர் இருக்கணும். கட்டணத்தைத் தவணையாகப் பிரியுங்க. பஸ்ஸுக்கும் தவணைக்கும் ஒத்துக்கிட்டாங்க. பெண் ஆசிரியர் விஷயத்தில் "பார்க்கிறோம்" என்கிறார்கள். அதை விடாமல் கேட்போம்.

அதே மாதிரி நீங்களும் சும்மா சேர்த்துவிடாதீங்க. எந்தக் கல்லூரியானாலும் நேரில் போங்க. லேப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டரா, மூணு பேருக்கு ஒண்ணா என்று எண்ணுங்க. சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசு அமைப்பின் பெயரில் வரும் என்று எழுத்தில் கேளுங்க. முந்தைய மாணவர்கள் செய்த விளையாட்டு ஒன்றையாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஒண்ணும் இல்லைன்னா யோசிங்க. "நூறு சதவீதம் வேலை உறுதி, இன்னிக்கே பணம் கட்டுங்க" என்கிற தனியார் சென்டர் பக்கம் போகவே வேண்டாம். அங்கே கட்டிய பணத்துக்காக இன்னும் வட்டி கட்டுகிற உறுப்பினர் நம்மிடமே இருக்காங்க.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் இந்தப் படிப்புக்குக் கிடைக்குமா என்பதையும் சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கணும். முதல் தவணைக்குக் குழுவின் உள்கடன் கொடுக்கலாம். கல்விக்கு என்று தனியாகத் தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கல்லூரியிலிருந்து நான்கு கம்ப்யூட்டரோடு நம்ம கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வர்றாங்க. பொண்ணு மட்டும் வந்தால் போதாது, அம்மாவும் வரணும். பையன்களையும் கூட்டிட்டு வரலாம். பெயரை அந்தந்த ஊக்குநரிடம் வியாழக்கிழமைக்குள் கொடுத்திடுங்க. வீட்டில் பல்லாங்குழிப் பலகை இருக்கிறவங்க மறக்காமல் எடுத்துட்டு வாங்க, சோழியோ புளியங்கொட்டையோ சேர்த்து.