கேமரா மட்டும் போதாது, நிர்வாக நாற்காலியும் வேண்டும்

(தருமபுரியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான உயர்கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிகிரி முடித்ததும் நம் வீடுகளில் மூன்று வழி சொல்வார்கள்: பி.எட்., குரூப் 4, இல்லையென்றால் ஓசூர் கம்பெனி. மூன்றுமே நல்ல வழிதான். நான் நான்காவதாக ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். தொலைக்காட்சி, டிஜிட்டல் ஊடகங்களில் தயாரிப்பையும் நிர்வாகத்தையும் கற்றுத்தரும் முதுநிலைப் படிப்பு.

இதைத் தருமபுரியில் சொல்லக் காரணம் இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. கேமராக்கள் வந்தன. ஆனால் பிறகு நடந்த விவாதங்கள் பலவற்றில் எரித்தவர்கள் கேள்விக்குள்ளாகவில்லை, காதலித்தவர்கள்தான் கேள்விக்குள்ளானார்கள். ‘நாடகக் காதல்’ என்ற சாதிவெறிச் சொல்லை, இரண்டு பக்கமும் பேசத்தக்க ஒரு கருத்தைப் போல ஆக்கிவிட்டார்கள். 2013 ஜூலை 4 அன்று அரசுக் கலைக்கல்லூரிக்குப் பின்னால் தண்டவாளத்தருகே தம்பி இளவரசன் பிணமாகக் கிடந்தார். அதுவரை அந்த இளம் தம்பதியின் வாழ்க்கை நமக்குச் செய்தியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று கேமரா பிடித்தவர்களில் நம் பிள்ளைகளும் இருந்திருக்கலாம். விவாதத் தலைப்பை முடிவு செய்த அறையில் இருந்தது யார்? 2006இல் டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முக்கிய முடிவெடுக்கும் 315 பேரை ஆய்வு செய்தார்கள். அதில் ஒருவர்கூடத் தலித்தோ பழங்குடியோ இல்லை. 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட அறிக்கையில், 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எவரும் இல்லை. இந்த 13 ஆண்டுகளில் கருவிகள் எல்லாம் மாறின. நாற்காலி மாறவில்லை.

கருவி மாறியதைக் கொஞ்சம் கவனியுங்கள். 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அப்போது டி.வி. ஒருவழிப் பாதை, அவர்கள் காட்டுவார்கள், நாம் பார்ப்போம். இன்று ஸ்மார்ட் டி.வி.யிலும் செயலியிலும் நாம் பார்க்கும்போது அதுவும் நம்மைப் பார்க்கிறது. எதைத் தேடினோம், எந்த இடத்தில் நிறுத்தினோம், எதற்கு வாக்களித்தோம் என்ற தகவல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறது. எதை முகப்பில் வைப்பது, அடுத்து எந்த நிகழ்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது என்ற முடிவுகளில் அந்தத் தகவலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நேரலையின் ஓரத்தில் ஒருவன் சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறான். அதை உடனே நீக்குவதா, பார்வையாளர் ஈடுபாடு என்று கணக்கில் சேர்ப்பதா? அதற்கான விதியை எழுதுவது நிர்வாகம். அதனால்தான், எடிட்டிங் கற்றுக்கொண்டு நின்றுவிடாதீர்கள் என்கிறேன்.

கொல்கத்தாவின் சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் மின்னணு, டிஜிட்டல் ஊடகத்துக்கென்றே தனித்துறை இருக்கிறது. தயாரிப்புக்கும் நிர்வாகத்துக்கும் அங்கே இரண்டாண்டு முதுநிலைப் படிப்புகள் உண்டு. புனே திரைப்படக் கல்லூரியிலும் தொலைக்காட்சிப் பிரிவு இருக்கிறது. இரண்டும் ஒன்றிய அரசின் நிறுவனங்கள். நுழைவுத் தேர்வு உண்டு, இடஒதுக்கீடும் உண்டு.

இடஒதுக்கீடு விதியில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குக் கோட்டயம் சாட்சி. குடியரசுத் தலைவரான முதல் தலித் கே.ஆர்.நாராயணன். அவர் பெயரிலேயே அங்கு ஒரு திரைப்படக் கல்லூரி. அங்கே சேர்க்கையில் இடஒதுக்கீடு மீறப்பட்டதாகவும், தூய்மைப் பணியாளர்களை இயக்குநரின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தியதாகவும் குற்றம்சாட்டி 2022 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2023 ஜனவரியில் இயக்குநர் பதவி விலகினார். தலைவராக இருந்த அடூர் கோபாலகிருஷ்ணனும் அதே மாத இறுதியில் விலகினார். பணியாளர்களும் மாணவர்களும் சேர்ந்து நின்றதால் கிடைத்த வெற்றி அது.

நிர்வாகம் நமக்குப் புதிதல்ல. 1893இல் ‘பறையன்’ இதழை நடத்தியவர் இரட்டைமலை சீனிவாசன். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கியவர் அண்ணல் அம்பேத்கர். அடுத்தவர் பத்திரிகையில் இடம் கேட்டுக் காத்திராமல், தங்கள் இதழைத் தாங்களே நடத்தினார்கள். இன்று யூடியூப்பில் நீலம் சோஷியல் போன்ற தளங்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன.

அரசிடம் நம் கோரிக்கைகள் இவை. பைசுஅள்ளியில் உள்ள பெரியார் பல்கலைக்கழக மையத்தில் இப்படியொரு முதுநிலைப் படிப்பைத் தொடங்க வேண்டும். திரைப்படக் கல்லூரி நுழைவுத் தேர்வுகளுக்குத் தாட்கோ இலவசப் பயிற்சி தர வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கான இரண்டரை லட்சம் ரூபாய் வருமான வரம்பை உயர்த்த வேண்டும். கல்விக் கட்டணத்தோடு மடிக்கணினிக்கும் படப்பிடிப்புச் செலவுக்கும் சேர்த்து உதவித்தொகை வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் போட நினைப்பவர்கள் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே தயாராக எடுத்து வையுங்கள். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள், படிவத்தை உட்கார்ந்து சேர்ந்தே நிரப்புவோம்.

ஜெய்பீம்.