மூன்றாவது கைங்கரியம்



ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1990-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, அக்டோபர் முதல் நாள் உலகெங்கும் முதியோர் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. அத்தினத்தை ஒட்டி ஜொகூர் பாருவில் நம் சங்கத்தின் சார்பில் கூடியிருக்கும் நாம், பெரியோருக்குப் பொன்னாடை போர்த்தி, நாலு நல்ல வார்த்தை சொல்லி, விருந்துண்டு கலைந்துபோவதோடு கடமை தீர்ந்தது என்று கருதிவிடாமல், இந்த மண்டபத்துக்கு வர இயலாத முதியோரை, முதியோர் இல்லங்களிலும் மருத்துவப் பராமரிப்பு நிலையங்களிலும் கட்டிலோடும் சக்கர நாற்காலியோடும் காலம் கழிக்கின்றவர்களைச் சற்றே சிந்திப்போமானால், அதுவே இந்த நாளுக்கு நாம் செய்யும் மெய்யான மரியாதையாகும்.

இந்த ஜொகூர் மண்ணில் நம் முன்னோர் காடு திருத்தி ரப்பர் நட்ட காலத்தில், அன்றாடக் கூலியில் வயிற்றைக் கழுவிய நிலையிலும், தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு மாரியம்மன் கோயிலையும் ஒரு தமிழ்ப்பள்ளியையும் கண் போலக் காத்து வந்தார்கள். மாதச் சம்பளத்தில் கோயிலுக்கென்று ஒரு பங்கு எடுத்து வைத்தார்கள். கூரை ஒழுகினால் பள்ளிக்கூடத்துக்குத் தாங்களே ஓலை வேய்ந்தார்கள். தெய்வத்துக்கு ஓர் இடம், குழந்தைக்கு ஓர் இடம் என்று எண்ணிச் செய்த அந்தத் தலைமுறைக்கு, அதன் அந்திம காலத்தில் ஓர் இடம் வேண்டுமே என்று எண்ண வேண்டியது அவர்களுடைய பிள்ளைகளாகிய நம்முடைய பொறுப்பாகும். கோயிலையும் பள்ளியையும் எவ்வாறு நம் சமுதாயத்தின் சொந்தப் பொறுப்பென்று ஏற்றோமோ, அவ்வாறே முதியோர் இல்லத்தையும் ஏற்க வேண்டும், அதுவே நமது மூன்றாவது கைங்கரியம் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

'பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது தமிழ்ப் பண்பாட்டுக்கு இழுக்கல்லவா?' என்று கேட்கும் அன்பர்கள் உண்டு; அவர்களுடைய மனவேதனையை நான் மதிக்கிறேன். ஆயினும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியோர் ஒன்றை நினைவுகூர வேண்டும். பொழுது விடியும் முன்னே பெரட்டு என்னும் ஆள்கணக்குக்குப் போய், பால்மரம் வெட்டப் புறப்பட்ட நம் தாய்மார்கள், தங்கள் கைக்குழந்தைகளை எங்கே விட்டுச் சென்றார்கள்? ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். அதை யாரும் இழுக்கென்று சொல்லவில்லை. ஏனெனில், அந்தக் கொட்டகையில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயா நம் லயக் குடியிருப்பைச் சேர்ந்தவர். அவர் தாலாட்டியது நம் மொழியில். வேலை முடிந்ததும் தாய் ஓடி வந்து வாரி எடுத்துக்கொண்டாள். குழந்தையைப் பிறர் பொறுப்பில் விடுவதனால் பாசம் குறைந்துவிடுவதில்லை என்பதற்கு நம் தாய்மாரே சாட்சி. ஆகவே, முதியவரை இல்லத்தில் சேர்ப்பதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். சேர்த்தபின் திரும்பிப் பாராதிருப்பதே பாவம் என்று துணிந்து சொல்வேன்.

இல்லங்களின் தேவை எங்கிருந்து வந்தது என்பதையும் நிதானமாக யோசிப்போம். தோட்டத்தில் வேலை உள்ளவரைதான் லயத்து வீடு சொந்தம். வேலை ஓய்ந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். பின்னர் தோட்டங்களே வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, கூட்டாக வாழ்ந்த குடும்பங்கள் நகரத்தின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறின. மின்தூக்கி இல்லாத மாடியில், மூட்டு தேய்ந்த ஒரு முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி வீட்டை விட்டு இறங்குவதே அரிதாயிற்று. பிள்ளைகளோ, 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் வழியே, கோழி கூவும் முன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் புறப்பட்டு இரவில்தான் திரும்புகிறார்கள். அவர்கள் பாசமற்றவர்கள் அல்லர். குடும்பத்தைக் காப்பாற்றவே அவ்வாறு உழைக்கிறார்கள். ஆனால் அந்த நீண்ட பகலில், குளியலறையில் வழுக்கி விழுந்த தாயைத் தூக்கிவிட வீட்டில் ஆள் இல்லை.

இதே கடற்பாலத்தின் வழியே எதிர்த்திசையிலிருந்தும் முதியோர் வருகிறார்கள். சிங்கப்பூரைக் காட்டிலும் இங்கே கட்டணம் குறைவு என்பதால், அங்குள்ள குடும்பங்கள் சில தங்கள் பெற்றோரை ஜொகூர் பாருவிலுள்ள பராமரிப்பு நிலையங்களில் சேர்த்து வருகின்றன. 2009-ஆம் ஆண்டில் அந்நாட்டின் அப்போதைய சுகாதார அமைச்சர் காவ் பூன் வான் அவர்கள் இதைப் பற்றிப் பேசியபோது, அங்கே பெரும் விவாதமே எழுந்தது. எனவே, இரு நாட்டு முதியோரின் ஆரோக்கியமும் இன்று நம் ஊர்த் தெருக்களிலுள்ள இல்லங்களைப் பொறுத்திருக்கிறது.

அரசாங்கம் ஒன்றும் செய்யாமல் இல்லை. 1995-இல் தேசிய முதியோர் கொள்கை வகுக்கப்பட்டு, 2011-இல் திருத்தி அமைக்கப்பட்டது. சமூக நல இலாகாவின் ஆதரவில் ரூமா ஸ்ரீ கெனாங்கான் என்னும் இல்லங்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்று நம் ஜொகூர் பாருவிலேயே இருக்கிறது. 60 வயது நிறைந்து, உற்றாரும் நிலையான வீடும் இன்றித் தவிப்பவர்களுள், தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளக் கூடியவர்களுக்கு அது புகலிடம். படுத்த படுக்கையாகிவிட்ட ஆதரவற்றோருக்கான ரூமா ஏசான் இல்லங்களோ, சிலாங்கூரில் கோல குபு பாருவிலும் திரங்கானுவில் டுங்குனிலும், நமக்கு வெகுதூரத்தில் இருக்கின்றன. ஆதலால் நடக்க முடியாமற்போன ஜொகூர் முதியவர் பெரும்பாலும் தனியார் இல்லங்களையும் தர்ம ஸ்தாபனங்களையுமே நம்ப வேண்டியிருக்கிறது. அவற்றுக்கும் சட்டம் உண்டு. 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, நால்வரையோ அதற்கு மேற்பட்டோரையோ தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். தாதியர் வைத்து மருத்துவப் பராமரிப்பு அளிக்கும் நிலையங்கள் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அமைச்சின் உரிமம் பெற வேண்டும். தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புக்கென்றே 2018-இல் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் தாயைச் சேர்க்கப் போகும் மகன், மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறாரே ஒழிய, பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்பதில்லை. கேளுங்கள், அது மரியாதைக் குறைவாகாது.

இனி, இல்லத்தில் இருக்கும் முதியவரின் தேகநிலையைப் பற்றிச் சில விஷயங்களைக் கூற விரும்புகிறேன். 1935-ஆம் ஆண்டில், லண்டன் மாநகரின் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவரிடம், அடுத்திருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகள் 714 பேர் ஒப்படைக்கப்பட்டார்கள். ஆண்டுக்கணக்கில் படுக்கையிலே கிடந்து, இனித் தேறமாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் அவர்களுள் பலர். அந்த அம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, நோயின் காரணத்தை ஆராய்ந்து, எழுந்து உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பயிற்சி அளித்தபோது, அவர்களுள் பலர் எழுந்து நடந்தார்கள்; சிலர் வீட்டுக்கே திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் என்னும் சாஸ்திரம் வளர்ந்ததற்கு அந்த அம்மையாரின் சிரத்தையே முக்கிய காரணம். படுக்கையில் கிடப்பவரெல்லாம் கிடக்க வேண்டியவர் அல்லர் என்ற அந்தப் பாடத்தை, ஒவ்வோர் இல்லத்தின் வாசலிலும் எழுதிவைக்கலாம்.

விழுந்துவிடுவாரோ என்று அஞ்சி ஒரு முதியவரை நாள் முழுதும் நாற்காலியில் இருத்தி வைத்தால், கால்களின் தசை விரைவில் கரைந்து, எந்த வீழ்ச்சிக்கு அஞ்சினோமோ அதுவே நிச்சயமாகிவிடுகிறது. தாமே புரண்டு படுக்க இயலாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடாவிட்டால் படுக்கைப்புண் உண்டாகிறது. முதுமையில் தாக உணர்ச்சி மங்கிவிடுவதோடு, அடிக்கடி கழிவறைக்கு அழைத்துப் போகச் சொல்லக் கூச்சப்பட்டும் பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் நீர்க்கடுப்பும் மனக்குழப்பமும் நேர, 'வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது' என்று நாம் சொல்லிவிடுகிறோம். படுத்தவாறே ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் புகுந்து நிமோனியா வரக்கூடும். கண்ணில் புரை, காதில் மந்தம், பொருந்தாத பல் செட்டு ஆகிய மூன்றையும் சரிசெய்தாலே, 'யாரோடும் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை' என்று பெயர் வாங்கிய பல முதியோர் பேசவும் சாப்பிடவும் தொடங்கிவிடுவார்கள். இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க முதலில் வேண்டுவது, அடிக்கடி வந்து உற்று நோக்கும் ஒரு ஜோடிக் கண்கள்.

இவை எல்லா இனத்து முதியோருக்கும் பொது. நம்மவருக்கென்று பிரத்தியேகமான துன்பம் ஒன்று உண்டு, அதுதான் பாஷை. 2018-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 சதவிகிதத்தினருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாகக் கண்டது. அந்த நோய் பீடிக்கும்போது, பிற்காலத்தில் கற்ற மொழிகள் பெரும்பாலும் முன்னே நழுவிப்போக, தாய் மடியில் கேட்ட மொழியே எஞ்சி நிற்கிறது. தொழிற்சாலையில் பல ஆண்டுகள் மலாய் பேசி வேலை செய்த அம்மையார் ஒருவர், இப்போது தமிழை மட்டுமே பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பராமரிக்கும் பெண்ணோ இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவள். நல்லவள், உழைப்பாளி, ஆனால் தமிழ் அறியாதவள். 'தண்ணி', 'வலிக்குது', 'குளிருது', 'வெளிக்குப் போகணும்' என்று அம்மையார் கூவுவதெல்லாம் அவள் காதில் வெறும் கூச்சலாகவே விழுகிறது. கூச்சலை அடக்கத் தூக்க மாத்திரை வருகிறது. மாத்திரையின் மயக்கத்தில் அம்மையார் விழுகிறார். விழுந்தவர் பின்னர் எழுவதில்லை. ஒரு வார்த்தை புரியாமற்போனதனால் ஓர் உயிர் இப்படித் தேய்வது எவ்வளவு பரிதாபம்! இதற்குப் பரிகாரம் மிக எளிது. அன்றாடத் தேவைக்கான இருபது தமிழ்ச் சொற்களை ரூமி என்னும் ரோமன் எழுத்தில் எழுதி, எதிரே மலாய்ப் பொருளையும் குறித்து, அந்த அம்மையாரின் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைத்தால் போதும். நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய காரியம் இது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில், எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் செய்த சிறிய ஆராய்ச்சி ஒன்று 1976-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு மாடியில் இருந்தவர்களுக்குத் தங்கள் அறையையும் பொழுதையும் தாங்களே திட்டமிடும் சுதந்திரமும், தாங்களே வளர்க்க ஒரு செடியும் அளிக்கப்பட்டன. வேறொரு மாடியில் இருந்தவர்களுக்குச் செடி உட்பட எல்லாவற்றையும் ஊழியரே கவனித்துக்கொண்டார்கள். சில வாரங்களில், முன்னவர்களே அதிக உற்சாகமும் சுறுசுறுப்பும் உடையவர்களாகக் காணப்பட்டார்கள். காலமெல்லாம் மண்ணோடும் மரத்தோடும் பழகிய நம் தோட்டத்துப் பெரியோருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு தொட்டியில் கறிவேப்பிலைக் கன்றைக் கொடுத்து, 'இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், தாத்தா' என்று சொல்லிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சைவம் வேண்டுமா, காலையில் எந்த நேரம் குளிக்க விருப்பம், நெற்றிக்குத் திருநீறு வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். தன் விருப்பத்தைக் கேட்பார் ஒருவர் உண்டு என்ற நினைவே முதிய தேகத்துக்கு உரம் ஊட்டும்.

அன்பர்களே, தீபாவளி வாரத்தில் ஒரே இல்லத்துக்கு நான்கைந்து குழுவினர் பிரியாணியும் இனிப்பும் கொண்டு செல்வதும், படம் எடுத்துக்கொள்வதும், அதற்கடுத்த வாரம் முதல் அந்த வாசலில் காலடியே படாதிருப்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்தத் தர்ம சிந்தனையை நான் குறை கூறவில்லை. நீரிழிவு உள்ளவருக்கு ஒரே நாளில் ஐந்து தட்டு இனிப்பைக் காட்டிலும், ஆண்டின் எல்லா வாரங்களிலும் அரை மணி நேரச் சம்பாஷணை அதிக நன்மை செய்யும் என்றே சொல்கிறேன். ஒழுங்காக விருந்தினர் வந்து போகும் இல்லத்தில் தரை சுத்தமாக இருக்கும், படுக்கை விரிப்பு மாற்றப்படும், நியாயமாக நடத்தும் நிர்வாகிக்கும் ஊக்கம் பிறக்கும்.

ஆகையால், இச்சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். முதலாவது, சங்கம் தனக்கென்று ஓர் இல்லத்தைத் தேர்ந்து, அங்கே வாரந்தோறும் செல்ல இருவர் இருவராக முறைவைத்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். இரண்டாவது, குடியுரிமை இன்றிச் சிவப்பு அடையாள அட்டையே வைத்திருப்பதனால், குடிமக்களுக்குரிய முதியோர் உதவித்தொகையைப் பெற முடியாமல் வாடும் நம் பெரியோருக்கு, மனுப் பாரங்களை நிரப்பவும் இலாகாக்களுக்கு அழைத்துச் செல்லவும் படித்த இளைஞர்கள் துணை நிற்க வேண்டும். மூன்றாவது, முதியோர் பராமரிப்பைக் கீழான வேலை என்று கருதும் எண்ணத்தைக் களைந்து, நம் பிள்ளைகளில் சிலரேனும் அதை முறையாகப் பயின்று, கௌரவமான தொழிலாக ஏற்கும்படி சங்கமே உபகாரச் சம்பளம் அளித்து ஊக்க வேண்டும். தமிழ் அறிந்த தாதி ஒருவர் ஓர் இல்லத்தில் இருப்பது, அங்குள்ள தமிழ் முதியோருக்குப் பாதி வைத்தியம் ஆகும்.

கோயிலுக்கும் பள்ளிக்கும் அள்ளிக் கொடுத்த கைகள் நம் முதியோரின் கைகள். இன்று அவை தாமே ஒரு குவளை நீரை எடுத்துக் குடிக்க முடியாமல் நடுங்குகின்றன. அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் கடமையை அரசாங்கத்தின் மீதோ, மாதக் கட்டணத்தின் மீதோ முழுவதும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்பே, காரியதரிசி அவர்களிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். முதல் முறையை வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோம்.